ஆஸ்பத்திரிப் பை

ஒன்பதாம் மாதம் பிறந்து மூன்று நாள் கழித்து பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். பெங்களூரில் லேப்டாப்பைத் திணித்துக்கொண்டு திரிந்த அதே பை. செல்போனில் ஒரு பட்டியல் இருந்தது. தோழி ஒருத்தி அனுப்பியது, மொத்தம் நாற்பத்து மூன்று பொருள்கள். முன்பக்கம் திறக்கிற நைட்டி நான்கு, பேடு இரண்டு பாக்கெட், நீளமான வயர் உள்ள சார்ஜர், உதட்டுக்குத் தடவ ஏதோ ஒன்று, குழந்தைக்கு ஆறு செட் துணி, கையுறை, காலுறை, தொப்பி. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் நான் சின்னாளபட்டிக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. வரும்போதே பாதியை வாங்கி வந்துவிட்டேன்.

அம்மாச்சி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். எண்பத்திரண்டு வயசு. கண் முன்போல இல்லை, ஆனாலும் குழந்தைத் துணி இருந்த கவரை மட்டும் சரியாகப் பார்த்துவிட்டாள்.

"இது யாருக்கு?"

"பாப்பாவுக்கு அம்மாச்சி."

"இன்னும் பொறக்கவே இல்ல."

"பொறக்கப்போகுதுல்ல."

"பொறக்கட்டும். பொறந்தப்புறம் உங்கப்பன் போய் வாங்கிட்டு வரட்டும், கடை ஓடியா போயிரும்? இதை எடுத்து அங்கிட்டு வையி தாயி. உன் பையில வைக்காத."

எனக்குக் கோபம் வந்தது. அம்மா வந்து சமாதானம் செய்கிற மாதிரி, "பெரியவுக சொன்னா கேட்டுக்க, பின்னாடி எடுத்துட்டு வர்றேன்" என்றாள். அதில் இன்னும் கோபம். மாதம் தவறாமல் ஸ்கேன் எடுத்து, குழந்தையின் தொடை எலும்பு எத்தனை மில்லிமீட்டர் என்பது வரை தெரிந்து வைத்திருக்கிற காலத்தில் தொப்பி வாங்குவதற்குக்கூடத் தடையா? தூக்கம் வராத அந்த ராத்திரிகளில் இந்தத் தடை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் ஒன்று தெரிந்தது. இது நம்மூர்ப் பழக்கம் மட்டும் இல்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடும்பங்களிலும் பிள்ளை பிறக்கும் முன் தொட்டிலோ துணியோ வீட்டுக்குள் கொண்டுவர மாட்டார்கள். ஒரு மொழி, ஒரு மதம், ஒரு மண் என்று எதுவும் பொதுவாக இல்லாத இரண்டு கூட்டத்துக்கு ஒரே பயம் இருந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும். 1951 வாக்கில் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 146 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஏழுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பெற்ற பெண்ணுக்கு ஒன்றைப் பறிகொடுப்பது ஏறக்குறைய கணக்கில் எழுதிவைத்த செலவு. அப்படிப்பட்ட ஊரில் பிறக்காத பிள்ளைக்குச் சட்டை வாங்கி மடித்து வைப்பவள், அந்தச் சட்டையை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டிய நாளையும் சேர்த்துத்தான் வாங்குகிறாள்.

ஆனால் முன்னேற்பாடே கூடாது என்று நம் மரபு சொல்லவில்லை. சரக சம்ஹிதையின் சரீர ஸ்தானத்தில் பிரசவ அறைக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே அறை தயாராகிவிட வேண்டும். அதில் நெய், எண்ணெய், தேன், உப்பு வகைகள், உரல், உலக்கை, கூரான உலோகக் கருவிகள், வில்வமரக் கட்டில், விறகு எல்லாம் இருக்க வேண்டும். கூடவே பல பிள்ளை பெற்ற, அன்பான பெண்கள். என் தோழியின் நாற்பத்து மூன்றில் விட்டுப்போனது இந்தக் கடைசி வரிதான். அரண்மனைக்கும் பணக்கார வீட்டுக்கும் எழுதிய பட்டியல் அது என்பதைச் சொல்லத் தேவையில்லை. திண்டுக்கல் சமவெளியில், ஆத்தூரிலும் நிலக்கோட்டையிலும் வேடசந்தூர்க் காடுகளிலும் பிள்ளை பெற்ற பெண்களுக்கு வில்வமரக் கட்டில் கிடையாது.

அவர்களுக்கு என்ன இருந்தது? அம்மாச்சியிடமே கேட்டேன். கோபமாக இருந்தாலும் கேட்டால் சொல்லுவாள்.

வீட்டிலேயே இருட்டான மூலை. கிழிந்த கோரைப்பாய். வீட்டிலிருக்கிற சேலைகளிலேயே பழசு. ஏன் பழசு? ஏனென்றால் அது திரும்பி வராது. பிரசவம் தீட்டு. தீட்டுப்பட்ட துணி மருத்துவச்சிக்கோ துணி வெளுக்கிறவளுக்கோ போய்விடும். நல்ல சேலையை யார் கொடுப்பார்கள்? அதே மாதிரிதான் அறுக்கிற கருவியும். வீட்டில் மற்ற வேலைக்கு ஆகாத ஒன்று. துருப்பிடித்த பிளேடோ பழைய கத்தியோ, அதுவும் இல்லாவிட்டால் கதிர் அறுக்கிற பண்ணருவாள். தொப்புளில் வைக்கச் சாம்பல். சில வீடுகளில் சாணிச் சாம்பல். மருத்துவச்சி முடிதிருத்தும் குடும்பத்துப் பெண். வாசல்வழி வரமாட்டாள், கொல்லைவழியாக வருவாள். கூலி தானியமாக, சில சமயம் அந்தப் பழைய சேலையாக. அவள் கையில் பை எதுவும் கிடையாது. வெறும் கையோடு வந்து, வீட்டில் கொடுத்ததை வைத்து வேலை பார்த்துவிட்டுப் போனாள்.

இதைக் கேட்டபிறகு எனக்கு ஒன்று உறைத்தது. தீட்டு என்பது ஒரு சுத்த விதி என்றுதான் வீட்டில் சொல்லுவார்கள். நடந்தது நேர் எதிர். தீட்டு என்பதற்காகவே பிள்ளை பெறுகிறவளுக்கு வீட்டின் மிக அழுக்கான இடமும் துணியும் இரும்பும் ஒதுக்கப்பட்டன. நுண்கிருமி என்ன கேட்கிறதோ அதையெல்லாம் சாதி தட்டில் வைத்துக் கொடுத்தது.

ஆஸ்பத்திரி மட்டும் யோக்கியமா என்றால், தொடக்கத்தில் அதுவும் இல்லை. 1847இல் வியன்னாவில் செம்மெல்வைஸ் என்ற மருத்துவர், பிணத்தை அறுத்த கையோடு வந்து பிரசவம் பார்க்கிற டாக்டர்களால்தான் தாய்மார்கள் காய்ச்சலில் சாகிறார்கள் என்று கண்டுபிடித்தார். குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவச் சொன்னார். சாவு சட்டென்று குறைந்தது. கனவான்களின் கை அழுக்காக இருக்க முடியாது என்று சக டாக்டர்கள் அவர்மேல் பாய்ந்தார்கள். சென்னை எழும்பூரில் மகப்பேறு ஆஸ்பத்திரி தொடங்கிய 1844க்கு மூன்று வருஷம் கழித்து நடந்த கதை இது.

*

அன்றைக்கு மத்தியானம் கரண்ட் போயிருந்தது. விசிறிக்கொண்டே அம்மாச்சி தானாகச் சொன்னாள்.

அவளுக்குப் பதினேழு வயசில் முதல் பிள்ளை, 1959இல். புகுந்த வீடு ஆத்தூர்ப் பக்கம். பிறந்த வீடு சின்னாளபட்டி, தறி வீடு. துணிக்குப் பஞ்சமில்லை. ஏழாம் மாதம் வளையல் போட்டுக் கூட்டிவந்தபோது, சும்மா இருந்த நேரத்தில் மீந்த பருத்தித் துணியில் மூன்று குட்டிச் சட்டை தைத்தாள். பட்டன் இல்லை, நாடா. யாருக்கும் தெரியாமல் தகரப்பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தாள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆண். நல்லா அழுதது, நல்லா பால் குடித்தது. அஞ்சாம் நாள் வரைக்கும் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் மார்பைப் பிடிக்கவில்லை. வாயைத் தொறக்க முடியவில்லை. தொட்டால் உடம்பு வில்லுமாதிரி வளைந்தது. எட்டாம் நாள் போய்விட்டது.

"ஒரு சட்டையைப் போட்டுத்தான் கொண்டுபோனாக. மீதி ரெண்டும் எங்கருந்து வந்துச்சுன்னு என் மாமியா கேட்டா. முன்னாடியே தச்சு வச்சேன்னு சொன்னேன். அப்படியே பாத்தா என்னய. நீதான்டி கண்ணு வச்சுக் கொன்ன அப்படின்னா. ரெண்டையும் கெணத்து மேட்டுல போட்டுக் கொளுத்துனா."

இரண்டாவது பிள்ளை 1961இல், காலை முன்னால் நீட்டி வந்து, பிறக்கும்போதே இல்லை. அதற்கு அவள் எதுவும் தைத்து வைக்கவில்லை. ஆனாலும் பழி பழைய சட்டைமேலேயே விழுந்தது.

விசிறி நின்றுவிட்டது. நான் ஒன்றும் பேசவில்லை. என்னுடைய கவரைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

*

அம்மாச்சி பிறந்த சின்னாளபட்டிக்கு ஒரு டாக்டரம்மா ஏற்கனவே வந்திருந்தார் என்பதுதான் இந்தக் கதையில் மனசைப் பிசைகிற இடம்.

டாக்டர் சௌந்தரம், மதுரை டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். 1904இல் பிறந்தவர். அந்தக் கால வழக்கப்படி சிறுவயதிலேயே கல்யாணம். கணவர் டாக்டர், 1925இல் இறந்துபோனார். விதவையான பெண் வீட்டு மூலையில் உட்கார வேண்டிய காலத்தில், இவர் டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் படித்தார். 1936இல் டாக்டர் பட்டம் வாங்கும்போது வயசு முப்பத்திரண்டு. 1940இல் காந்தியின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். 1944 பிப்ரவரி 22 அன்று கஸ்தூர்பா புனேயில் ஆகா கான் மாளிகைச் சிறையில் இறந்தார். அவர் பேரில் திரட்டிய நிதி, நகரத்தில் மண்டபம் கட்டுவதற்கல்ல, கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும்தான் என்பது காந்தியின் கண்டிப்பு. அந்த அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பொறுப்பு சௌந்தரத்துக்கு வந்தது. 1947இல் அவரும் ராமச்சந்திரனும் அம்பாத்துரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்குப் பெரிதாக நிற்கிற கஸ்தூர்பா மருத்துவமனை அந்த வருஷம் சின்னாளபட்டியில் ஒரு சின்ன மகப்பேறு விடுதியாகத் தொடங்கியதுதான்.

இவ்வளவு படித்த, இவ்வளவு வசதியான வீட்டுப் பெண் மதுரையிலேயே கிளினிக் வைத்திருக்கலாம். பெண் டாக்டர் இங்கே வந்து உட்கார்ந்ததன் அர்த்தம் இன்றைக்கு நமக்குப் பிடிபடுவது கஷ்டம். வேலூரில் ஐடா ஸ்கடர் டாக்டரானதற்குச் சொல்லப்படும் காரணமே, ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மறுத்ததால் ஒரே ராத்திரியில் பிரசவத்தில் செத்துப்போன மூன்று பெண்கள்தான். தொடக்கூடிய கை வேண்டும் என்பது மருந்துக்கு முந்திய பிரச்சினை.

1959இல் ஆத்தூர் வட்டாரத்தைக் களமாக வைத்து காந்திகிராமத்தில் ஒரு முன்னோடிச் சுகாதாரத் திட்டம் தொடங்கியது. ஃபோர்டு அறக்கட்டளையும் உதவியது. 1964இல் அது கிராமியச் சுகாதார, குடும்பநலப் பயிற்சி நிறுவனமாக வளர்ந்தது. பொதுச்சுகாதாரம் படிக்கிறவர்களுக்கு ஆத்தூர் அனுபவம் என்றால் குடும்பக் கட்டுப்பாட்டுக் கதை. எனக்கு அதைவிட முக்கியமாகப்பட்டது அந்த வருஷம். 1959. அம்மாச்சியின் முதல் பிள்ளை செத்த அதே வருஷம், அதே ஆத்தூர்ப் பக்கம். சில மைல் தூரத்தில் கொதிக்கவைத்த கத்தரிக்கோல் இருந்திருக்கிறது. மாமியார் வீட்டிலிருந்து அவ்வளவு தூரம் போவது யாருக்கும் தோன்றவில்லை. வலி வந்தால் ஆஸ்பத்திரி என்பது அப்போது இல்லை. ஆகாமல் போனால்தான் ஆஸ்பத்திரி.

மூன்றாவது முறை, 1964இல், தாத்தா யாரையும் கேட்கவில்லை. நாள் நெருங்கியதும் மாட்டுவண்டி கட்டி அவளை கஸ்தூர்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எங்கள் குடும்பத்தின் முதல் ஆஸ்பத்திரிப் பை அதுதான், பை இல்லை, தகரப்பெட்டி. திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு போட்டது. உள்ளே இரண்டு சேலை, ஒரு எவர்சில்வர் டம்ளர், சுக்கு, கருப்பட்டி, தாத்தாவின் பழைய வேட்டி ஒன்று. பிள்ளைக்கென்று ஒரு நூல்கூட இல்லை. பிறந்தது என் அம்மா. அந்த வேட்டியில்தான் சுற்றினார்கள். "வெந்நியில ஊறப்போட்டு, வெயில்ல காயவச்சு, அப்புறம் சுத்துனாக. பழசுதான். ஆனா நர்ஸம்மா அதை அவ்வளவு வெள்ளையா ஆக்கிட்டா" என்றாள் அம்மாச்சி. பழைய துணியேதான். கொதிக்கும் தண்ணீர் மட்டும் புதிது.

*

எங்கள் தெருமுனையில் ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் இருக்கிறார். 1980இல் வேலைக்குச் சேர்ந்தவர். சாயங்காலம் நடக்கச் சொல்லியிருந்ததால் அவர் வீடு வரைக்கும் நடந்துபோனேன். அம்மாச்சியின் பிள்ளைக்கு என்ன வந்தது என்று கேட்டேன். வாய் திறக்கவில்லை, உடம்பு வளைந்தது, எட்டாம் நாள். நான் முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"ரணஜன்னி. தொப்புள்வழியா ஏறுறது."

அந்தக் கிருமியின் வித்து மண்ணிலும் சாணியிலும் வருஷக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அறுத்த கொடியின் ஈரத்தில் போய் உட்கார்ந்துவிட்டால், முதல் சில நாள் பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். நன்றாகப் பால் குடித்த பிள்ளை திடீரென்று குடிக்காமல் போவதுதான் அடையாளம். அதனால்தான் கண்ணு பட்டது, காத்து பட்டது, தோஷம் என்று எல்லாப் பெயரும் வந்தது. அருவாளுக்கும் சாவுக்கும் நடுவே ஐந்தாறு நாள் இடைவெளி. அந்த இடைவெளியில் யார் வந்து பிள்ளையைப் பார்த்தார்கள், யார் என்ன சொன்னார்கள், தாய் என்ன செய்தாள் என்பதையெல்லாம் நிரப்பிக்கொள்ளலாம்.

மருத்துவச்சிகளை விரட்டாமல் அவர்களுக்கே பயிற்சி கொடுப்பது 1970களின் இறுதியில் நாடு முழுக்கத் திட்டமாக வந்தது. நர்ஸம்மாவும் கிராமத்துக்குக் கிராமம் போய் அந்தப் பயிற்சி நடத்தியவர். ஐந்து சுத்தம் என்று பாடம். விரலை மடக்கி எண்ணிக் காட்டினார்: சுத்தமான கை, சுத்தமான இடம், சுத்தமான பிளேடு, சுத்தமான நூல், கொடியில் எதையும் தடவாமல் சுத்தமாக விடுவது. இதற்கென்று ஒரு சின்னப் பொட்டலம் உண்டு. ஒரு சோப்பு, புது பிளேடு, நூல், கீழே விரிக்க ஒரு தாள். உள்ளங்கையில் அடங்கிவிடும். என் தோழியின் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்தால் சிரிப்பு வரும். ஆனால் இந்த நாட்டில் உயிரைக் காப்பாற்றிய பிரசவப் பை எது என்று என்னைக் கேட்டால் அந்தப் பொட்டலத்தைத்தான் காட்டுவேன். வெறும் கையோடு கொல்லைவழியாக வந்தவளுக்கு முதல்முறையாகச் சொந்தமாக ஒரு பிளேடு கிடைத்தது.

"ஊசி வந்ததுதான் பெருசு" என்றார் நர்ஸம்மா. கர்ப்பிணிக்குப் போடுகிற டி.டி. ஊசி. 1985இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் வந்தபிறகு அது மூலைமுடுக்கெல்லாம் போனது. தாய்க்குப் போட்டால் பிள்ளைக்கும் எதிர்ப்பு போய்ச் சேரும். பிறகு அருவாளால் அறுத்தால்கூடப் பிழைக்க வாய்ப்புண்டு. 2015இல் இந்தியாவில் பச்சிளங்குழந்தை ரணஜன்னி ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஒரு நோய் போனது செய்தித்தாளில் எந்தப் பக்கத்தில் வந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை.

*

அம்மாவின் காலத்தில் தகரப்பெட்டி ஒயர்கூடையாகிவிட்டது. பச்சையும் மஞ்சளும் கலந்து அவளே பின்னியது. நான் பிறந்த 1993இல் அதில் என்ன வைத்தாய் என்று கேட்டால் ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லுவாள். வெந்நீர் பிளாஸ்க், டம்ளர், கரண்டி, நைட்டி இரண்டு, கிழித்து மடித்த பழைய சேலைத்துணி ஒரு கட்டு, பாய், போர்வை, ரொட்டி பாக்கெட், சீப்பு, தேங்காய் எண்ணெய். தனியாக ஒரு பிளாஸ்டிக் வாளி, மக்கு. கூடை என்பது தாயின் பொருள்களைவிடக் கூட இருக்கிறவளின் பொருள்கள்தான். வராண்டாவில் பாய் விரித்துப் படுத்தவள் அம்மாச்சி.

இன்னொன்றும் உண்டு. முந்தானையில் முடிந்த சில்லறைத் தாள்கள். பத்து ரூபாயாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். பிள்ளையைத் துடைத்துக் கொண்டுவந்து காட்டுவதற்கு ஒரு தொகை, ஸ்ட்ரெச்சர் தள்ள ஒரு தொகை. ஆம்பளைப் பிள்ளை என்றால் கூட, பொம்பளைப் பிள்ளை என்றால் கொஞ்சம் தள்ளுபடி. நான் பிறந்ததும் ஆயா அம்மாச்சியிடம் "பொட்டப்புள்ளதானே, குடுக்கிறதைக் குடுங்க" என்றாளாம். அம்மாச்சி முழுசாக முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள் என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி சொல்லப்படும் கதை. நான் அதைப் பெருமையாகக் கேட்டு வளர்ந்தவள். இப்போது நினைத்தால் பெருமையோடு ஒரு நெருடலும் இருக்கிறது. லஞ்சத்தில் சமத்துவம் கேட்ட பாட்டி.

நெருடலைவிடக் கனமான விஷயம் பக்கத்திலேயே இருந்தது. பொம்பளைப் பிள்ளை என்றால் கூடையில் வீட்டுக்கே கொண்டுவராத ஊர்கள் இந்தப் பக்கம் இருந்தன. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் மதுரை, தேனி, தருமபுரியோடு திண்டுக்கல்லுக்கும் வந்தது. கொல்லாதீர்கள், இந்தத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போங்கள் என்று அரசாங்கமே தொட்டில் வைத்த மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. துணி தைத்து வைத்ததால் பிள்ளை செத்தது என்று ஒருத்தியைச் சொன்ன ஊரில், யாரும் எதுவும் தைத்து வைக்காத பிள்ளைகளும் இருந்தார்கள்.

பணமும் வரத் தொடங்கியிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பேரில் 1987இல் மகப்பேறு நிதியுதவித் திட்டம் வந்தபோது தொகை 300 ரூபாய். 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து 18,000. 2008இல் 108 ஆம்புலன்ஸ். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 1998-99இல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 79 பிரசவம் ஆஸ்பத்திரியில். 2019-21இல் 99.6. இருட்டு மூலை காலியாகிவிட்டது.

*

2015இல் அரசாங்கமே ஒரு பை கொடுத்தது. அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம், பதினாறு பொருள், மதிப்பு 1,000 ரூபாய். என் அத்தை மகள் அந்த வருஷம் பெற்றவள், அவள் வீட்டில் பார்த்திருக்கிறேன். குழந்தைக்குத் துண்டு, சட்டை, குட்டி மெத்தை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், ஷாம்பு, சோப்பு, சோப்புப் பெட்டி, நகவெட்டி, கிலுகிலுப்பை, பொம்மை. தாய்க்குக் கை கழுவ திரவ சோப்பு, குளிக்க சோப்பு, சௌபாக்ய சுண்டி லேகியம். எல்லாம் போட்டு வைக்க ஒரு பை.

ஃபின்லாந்து 1938இலேயே ஏழைத் தாய்மாருக்கு இப்படிப் பெட்டி கொடுத்தது. 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும். நான்காம் மாதம் முடிவதற்குள் டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெட்டியின் அடியில் மெத்தை, பெட்டியே தொட்டில். நம்முடைய பையைக் கேலி செய்தவர்கள் உண்டு, அதில் ஒட்டியிருந்த படத்துக்காக. கேலியில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் அந்தப் பட்டியலைப் படித்துவிட்டு இரண்டு இடத்தில் நின்றேன். ஒன்று, கை கழுவும் சோப்பு. வியன்னாவில் செம்மெல்வைஸ் கத்திக் கத்தித் தோற்ற விஷயம், ஆத்தூர்ப் பக்கத்துக் கூலிக்காரப் பெண்ணின் பையில் 250 மில்லி பாட்டிலாக இருக்கிறது. இன்னொன்று சுக்கு லேகியம். அம்மாச்சியின் தகரப்பெட்டிச் சுக்கும் கருப்பட்டியும் அரசாங்க முத்திரையோடு திரும்பி வந்துவிட்டன. சோப்பையும் லேகியத்தையும் ஒரே பையில் வைக்க யோசித்த அதிகாரி யாரோ, அவருக்குப் பாட்டி இருந்திருக்க வேண்டும்.

இந்தப் பை பிள்ளை பிறந்தபிறகுதான் கையில் வரும் என்பதையும் கவனித்தேன். அம்மாச்சி விதியை மீறாத பை.

என் பை ஏன் இவ்வளவு பெரிதாகிவிட்டது? பயம் போய்விட்டது என்றால் பை சின்னதாகத்தானே ஆகவேண்டும். தமிழ்நாட்டில் இப்போது நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். 2019-21 கணக்கு அது. இரண்டு நாளில் வீடு திரும்ப வேண்டியவள் ஐந்து நாள் தங்குகிறாள், அதற்கேற்ற நைட்டி, அதற்கேற்ற பேடு. அது ஒரு பாதி. மறுபாதி, கடைக்காரர்களுக்கு நம் கவலை தெரிந்துவிட்டது. 2020இல் தமிழ்நாட்டில் சிசு இறப்பு ஆயிரத்துக்கு 13. அம்மாச்சி காலத்தோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. பயப்படக் காரணம் அந்த அளவு குறைந்தபின் மிச்சமிருக்கிற பயத்தை நாற்பத்து மூன்றாகப் பிரித்து விற்கிறார்கள். ஈரத்துடைப்பானுக்கு ஒரு சூடாக்கி இருக்கிறதாம், பட்டியலில் முப்பத்தேழாவது. திண்டுக்கல் வெயிலில்!

அதை அடித்துவிட்டேன். பாதிக்கு மேல் அடித்துவிட்டேன். ஃபைல், ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தவகைச் சீட்டு, பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்கிற ஆர்.சி.எச். எண், ஆதார் நகல், பேடு, நைட்டி மூன்று, பிளாஸ்க், டம்ளர், சார்ஜர். குழந்தைத் துணி இருந்த கவர் இன்னும் கட்டிலுக்கடியில்.

*

நர்ஸம்மா சொன்னதை அம்மாச்சியிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மா வேண்டாம் என்றாள். "அறுபத்தஞ்சு வருசம் ஆச்சு, அதைப் போய்க் கிண்டாத." அம்மா சொன்னதிலும் அர்த்தம் இருந்தது. சட்டை காரணம் இல்லை என்றால் வேறு ஏதோ காரணம் என்று ஆகிவிடும். புதுசாக ஒருவரைப் பழி சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனாலும் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ரணஜன்னி என்றேன். மண்ணில் இருக்கிற கிருமி என்றேன். அறுத்த இரும்புவழியாகவோ தொப்புளில் வைத்த சாம்பல்வழியாகவோ ஏறியது என்றேன். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அப்படித்தான் போனது என்றேன்.

கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அப்ப அந்த மருத்துவச்சியா?"

"அவுகளுக்கு என்ன தெரியும் அம்மாச்சி. உங்க வீட்டுல குடுத்த அருவாளைத்தான அவுக வாங்கி அறுத்தாக."

"ஆமா. என் மாமியாதான் எடுத்துக் குடுத்தா. கொட்டத்துல சொருகியிருந்தது." கொஞ்ச நேரம் பேசவில்லை. "நல்ல மனுசி அவ. ரெண்டு நாள் என் காலடியிலேயே கெடந்தா. வாசல்ல ஒரு வாய்த் தண்ணி குடுக்கல அவளுக்கு."

கீரைத் தண்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அப்ப சட்டையில ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமே இல்ல அம்மாச்சி."

தலையை ஆட்டினாள். அதற்குப்பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. ராத்திரி சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றாள். அம்மா என்னை முறைத்தாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வரும்போது பீரோ திறந்திருந்தது. தாத்தாவின் வேட்டி ஒன்றை எடுத்து வெந்நீரில் ஊறப்போட்டிருந்தாள். பத்து மணிக்கெல்லாம் அது கொடியில் காய்ந்துவிட்டது. மத்தியானம் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தாள். கை நடுங்கியது, ஆனால் வெட்டிய கோடு நேராக இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டு ஊசியையும் நூலையும் நீட்டினாள்.

"கண்ணு தெரிய மாட்டேங்குது. இதைக் கோத்துக் குடு."

கோத்துக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் ஒன்று முடித்துவிட்டாள். பட்டன் வைக்கவில்லை. பச்சைப்பிள்ளைக்கு உறுத்துமாம், நாடாதான்.